நெல்லை வீடுகளில் பொருள்களைக் குறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைந்த பொருள்களோடு வாழ்வது பற்றிய பேச்சு இப்போது திருநெல்வேலிச் சீமையின் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட, பட்டாசலும் அரங்கு வீடும் அடுக்களையும் மச்சுமாகக் கட்டிய பழைய வீட்டில் வயதான இருவர் மட்டும் மிஞ்சியிருக்க, மூன்று தலைமுறையின் பொருள்கள் அவர்களைச் சுற்றி அடைந்து கிடப்பதைப் பார்க்கிற எவருக்கும் இவற்றில் பாதியையாவது ஒழித்துவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இந்த வேலையில் இறங்குகிற பலர், பொருளைக் கையில் எடுத்ததும் 'இது வேண்டுமா, வேண்டாமா' என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். நம் பக்கத்து வீடுகளில் அதற்கு முன்பே கேட்டு முடிக்க வேண்டியவை இரண்டு உண்டு: இது யாருடையது, இந்த வீட்டைவிட்டுப் போனால் எங்கே போய்ச் சேரும். இங்கே சொல்லப்போகும் தவறுகள் ஏறக்குறைய எல்லாமே இவ்விரண்டையும் கேட்காமல் விட்டதால் நேர்பவை.

முதலில், நாள் குறிப்பதில் நேரும் தவறு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எப்படியும் எல்லாச் சாமான்களும் வெளியே வரும், அப்போதே கழித்துவிடலாம் என்று தள்ளி வைப்பது வழக்கம். அந்த இரண்டு நாளில் வீட்டில் யாருக்கும் நிதானம் இருக்காது. சுண்ணாம்பு காயும் முன்பே பாத்திரங்களைத் துலக்க வேண்டும், பொழுது சாயும் முன்பே எல்லாவற்றையும் உள்ளே வைக்க வேண்டும். ஆகவே பரணிலிருந்து இறங்கியது அப்படியே பரணுக்கு ஏறும்; கூடவே, முடிவெடுக்கப் பொறுமையில்லாமல் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்த நான்கைந்து பொருள்களில் ஒன்று பிற்பாடு வீட்டில் சண்டைக்குக் காரணமாகும். வெள்ளையடிப்பு துப்புரவுக்கான நேரம். கழிப்பதற்கு வேறு எந்த வேலையும் இல்லாத ஒரு சாதாரண வாரத்தில், ஒரு அலமாரி அல்லது பரணின் ஒரு மூலை என்ற அளவில் தொடங்குவதே நல்லது.

ஓராண்டு பயன்படுத்தாத பொருள் தேவையற்றது என்று வெளியிலிருந்து வந்த விதியொன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நகரத்து அடுக்குமாடி வீட்டின் துணி அலமாரிக்கு அது பொருந்தலாம். நம் ஊர் வீட்டுக்கு அதை அப்படியே பொருத்துவது தவறு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகிற குடும்பத்துக்கு, அங்கே பொங்கலிடும் பானையும் கரண்டியும் சோறு வடிக்கும் பெரிய சருவமும் ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் வேண்டும். கோயில் கொடை விழாவுக்கு ஆள் திரளும் வீடுகளிலும் இதே நிலைதான். ஆனால், ஆண்டுக்கு ஒருமுறை வேண்டும் என்பதற்காகவே சொக்காரர்களின், அதாவது பங்காளிகளின், ஐந்து வீட்டிலும் ஐந்து பெரிய சருவங்கள் ஐந்து பரண்களில் தூங்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் ஒரு தொகுதியை வைத்துக்கொண்டு, அது இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும்படி செய்துவிட்டால் போதும். சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டவர்கள் சருவத்தைப் பொதுவில் வைக்கச் சம்மதிப்பார்களா என்பது வேறு சங்கதி. கேட்டுப் பார்ப்பதில் குற்றமில்லை.

பாத்திரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே அதிகம் அடைந்து கிடப்பதும் அதிகம் ஏமாற்றம் தருவதும் அவையே. பரணில் சாக்குக்குள் சுற்றி வைத்த ஒரு மூட்டையை இறக்கிப் பிரித்தால், பழுப்பேறிய செய்தித்தாளுக்குள் எவர்சில்வர் தூக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கிடக்கும். கடையில் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் உரியாமல் இருக்கும். விளிம்பில் பெண்ணின் பெயரும் கல்யாண நாளும் புள்ளிப் புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பெண்ணுக்கு இப்போது பள்ளி முடித்த பிள்ளை இருப்பான். சீராகக் கொடுத்த பாத்திரம் என்பதால் அம்மா அதைத் தொடுவதில்லை. தன் சிறிய அடுக்களையில் இடமில்லை என்பதால் மகள் அதைக் கேட்பதில்லை. இருவரும் ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் பேசாதிருப்பதால்தான் அந்த மூட்டை இருபது ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. இதில் செய்யக்கூடாத தவறு, மகளைக் கேட்காமல் அம்மாவோ, இருவரையும் கேட்காமல் வீட்டுக்கு வந்த மருமகளோ அதை எடுத்துப் போட்டுவிடுவது. தொலைபேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பி, "உனக்கு வேண்டியதைச் சொல்லு, மிச்சத்தை என்ன செய்யலாம்னு நீயே சொல்லு" என்று கேட்டால் பல வீடுகளில் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் காரியம் இது.

விற்பதென்று முடிவானபின் அடுத்த தவறு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக நிறுத்துக் கொடுப்பது. மஞ்சளாக இருப்பதெல்லாம் பித்தளை என்று நினைக்க வேண்டாம். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. பழைய வெண்கலம் செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது, வெள்ளீயம் விலை கூடிய உலோகம் என்பதால் வெண்கலத்துக்குப் பித்தளையைவிடக் கூடுதல் விலை உண்டு. வெண்கலப் பானையை விரலால் சுண்டினால் மணி போல ஓசை நீளும். கீழே விழுந்தால் பித்தளை நசுங்கும், வெண்கலம் விரிசல் விடும் அல்லது உடையும். இந்த வேறுபாடு தெரியாமல் வெண்கலத்தையும் பித்தளை விலைக்குக் கொடுத்துவிட்டு வருபவர்கள் இன்றும் உண்டு. ஆகவே வகை பிரித்து, வீட்டிலேயே தோராயமாக எடை பார்த்து, இரண்டு பாத்திரக் கடையிலாவது விலை கேட்டபின் கொடுக்க வேண்டும். தெருவில் வந்து, பழைய பட்டுச்சேலைக்குப் பிளாஸ்டிக் வாளியும் அன்னக்கூடையும் தருகிறவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன் முலாம் பூசியது, வாளியின் விலைக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. அதே நேரத்தில் எதிர்த் திசையிலும் ஒரு தவறு நேர்கிறது: வாங்கிய விலையையே மனத்தில் வைத்துக்கொண்டு, அந்த விலை வரும்வரை கொடுக்க மாட்டேன் என்று இன்னொரு பத்தாண்டு பரணில் ஏற்றிவிடுவது. பழைய மின்விசிறிக்கும் கட்டிலுக்கும் வாங்கிய விலை திரும்ப வராது.

காகிதங்களில் நேரும் தவறுதான் திருத்தவே முடியாதது. பார்வைக்கு எல்லாமே குப்பை. கரையான் ஏறிய கட்டு, துருப்பிடித்த குண்டூசி, மடிப்பில் கிழிந்த முத்திரைத்தாள். மின்கட்டண ரசீதும் திருமணப் பத்திரிகையும் போன ஆண்டுகளின் நாட்காட்டியும் போகலாம். ஆனால் நிலத்தின் மூலப்பத்திரம் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல்தான் கிடைக்கும், அசல் கிடைக்காது. பிற்காலத்தில் விற்கவோ வங்கியில் கடன் வாங்கவோ போகும்போது அசலைக் கேட்பார்கள், காவல்நிலையப் புகார், செய்தித்தாள் அறிவிப்பு என்று அலைய வேண்டியிருக்கும். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் வட்டாரங்களில் பீடி சுற்றிய பெண்கள் உள்ள வீடுகளில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அழுக்கேறி ஓரம் சுருண்ட பாஸ் புத்தகமும், பீடித் தொழிலாளர் அடையாள அட்டையும், வருங்கால வைப்புநிதிக் காகிதங்களும் அந்த ஆச்சியின் உழைப்புக்கு இருக்கிற ஒரே எழுத்துச் சான்று. அவர் எழுத்து வாசிக்கத் தெரியாதவராக இருந்தால், எது எதற்கென்று அவருக்கும் சொல்லத் தெரியாமல் போகலாம். அதனாலேயே பிள்ளைகள் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பார்க்க வேண்டும்.

ஓலைச்சுவடி அகப்பட்டால் இன்னும் கவனம் வேண்டும். பத்துப்பாட்டைப் பதிப்பிக்கச் சுவடி தேடி வந்த உ.வே.சாமிநாதையருக்குத் திருநெல்வேலியில் ஒரு கவிராயர் வீட்டில், தலைமுறை தலைமுறையாகப் பேணி அடுக்கிவைத்த ஏடுகள் கிடைத்தன. அந்நூல் 1889இல் அச்சேறியது. இதே சீமையின் கரிவலம்வந்தநல்லூரில் கோயிலின் ஏடுகளை அவர் கேட்டபோதோ, குப்பையாகக் கிடந்த பழைய ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகப் பதில் வந்தது. செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இடத்தைச் சுத்தம் செய்ததாகவே நினைத்தார்கள். இன்று நம் பரணில் ஒரு கட்டு ஏடு கிடைத்தால், அது வெறும் சாதகக் குறிப்பாகவே இருந்தாலும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறைக்கோ சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தெரிவித்துவிட்டு அப்புறம் முடிவெடுக்கலாம்.

வைத்துக்கொள்ள வேண்டிய காகிதங்களைப் பீரோவின் அடித்தட்டில் வைப்பதும் தவறே. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலிச் சந்திப்பும் மீனாட்சிபுரமும் நீரில் நின்றன. நீர் உள்ளே வந்தால் முதலில் நனைவது அடித்தட்டுத்தான். நெகிழி உறையிலிட்டு ஒரே பையாக மேல்தட்டில் வைத்தால், அவசரத்தில் கையில் எடுத்துக்கொண்டு ஓடவும் வசதி.

இனி, பொருள் எங்கே போய்ச் சேரும் என்ற இரண்டாவது கேள்விக்கு வருவோம். வீட்டைவிட்டுப் போன பொருள் உலகத்தைவிட்டுப் போய்விடுவதில்லை, தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. பாபநாசத்தில் குளித்தவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டால் பாவமும் தோஷமும் போகும் என்ற நம்பிக்கையில், இறந்தவர்களின் துணிகளும் வீட்டில் கழித்த பழந்துணிகளும்கூட அங்கே வந்து சேர்கின்றன. பருத்தியாவது காலப்போக்கில் மக்கும். பாலியஸ்டர் சேலை மக்காமல் பாறையிடுக்கிலும் அமலைச் செடியிலும் சுற்றிக்கொண்டு கிடக்கும். அந்த நீரைத்தான் கீழே அம்பாசமுத்திரமும் சேரன்மகாதேவியும் திருநெல்வேலியும் குடிக்கின்றன, தூத்துக்குடிக்கும் போகிறது. ஆற்றில் விடுவது வீட்டின் பாரத்தை அடுத்த ஊரின் குடத்தில் இறக்குவதாகும். துணியில் நல்லதை உடுத்துபவர்க்குக் கொடுக்கலாம், நைந்ததைக் கைப்பிடித் துணியாகவும் மிதியடியாகவும் கிழித்துக்கொள்ளலாம். அதற்கும் ஆகாததை உள்ளூர்க் குப்பை வண்டியில் உலர்ந்த குப்பையாகப் போட்டுவிடுவதே ஆற்றில் விடுவதைவிட மேல். கண்ணாடி உடைந்த சாமி படங்களை வேப்பமரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைப்பதும் இதே போன்றதுதான். சட்டத்தையும் கண்ணாடியையும் தனித்தனியே பிரித்துக் கொடுத்துவிட்டு, தாளை மட்டும் புறவாசலில் ஒரு செடியின் அடியில் புதைத்தால் மரியாதையும் கெடாது, யார் காலிலும் கண்ணாடி குத்தாது.

வீட்டுக்குள்ளிருந்து தட்டட்டி என்கிற மொட்டைமாடிக்கும் புறவாசலுக்கும் மாற்றுவதைப் பலர் கழித்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். உடைந்த வாளி, பழைய டயர், ஓட்டைக் குளிர்பதனப் பெட்டி, பூச்சட்டி என்று அங்கே குவிவதில் ஐப்பசி, கார்த்திகை மழை தேங்கினால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்தச் சிறிதளவு நீரிலேயே முட்டையிடும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே தட்டட்டிக்குப் போகும் பொருளுக்கு அடுத்த பயணம் எப்போது என்பதை ஏற்றும் முன்பே தீர்மானிக்க வேண்டும்.

கொளுத்துவது இன்னொரு குறுக்குவழி, அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வயர், ரெக்சின், பிளாஸ்டிக் எரிந்த புகை முதலில் போவது பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள். மின்கலம், காலாவதி மருந்து, குழல்விளக்கு ஆகியவற்றை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. குழல்விளக்கில் பாதரசம் உண்டு, அதை உடைத்துப் போடக்கூடாது.

தானமாகக் கொடுப்பதிலும் தவறு உண்டு. திருநெல்வேலியில் 2017இல் மாவட்ட நிர்வாகம் 'அன்புச் சுவர்' என்று ஓரிடம் ஏற்படுத்தி, மிகுதியாக வைத்திருப்பவர்கள் வைத்துவிட்டுப் போகவும் தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொள்ளவும் வழி செய்தது. அப்படிப்பட்ட இடத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ கொடுக்கும்போது ஒரு சோதனை போதும்: இதே சட்டையை நம் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு மாற்றுடையாகக் கொடுப்போமா? பொத்தான் இல்லாததையும் அக்குள் கிழிந்ததையும் கொடுத்துவிட்டு மனம் நிறைந்து திரும்புவது, குப்பையைப் பிரிக்கும் வேலையை ஏழையின் தலையில் கட்டுவதுதான்.

பொருளைக் குறைக்கத் தொடங்கியதும் அவற்றை அடுக்கப் புதிய பிளாஸ்டிக் டப்பாவும் அலமாரியும் வாங்குவதைத் தவிர்க்க வேண்டும். எத்தனை பொருள் மிஞ்சும் என்று தெரியும் முன்பே வாங்கிய டப்பாக்கள், கடைசியில் தாமே கழிக்க வேண்டிய பொருள்களாகிவிடும். காலியான இடத்தைப் பார்த்ததும் அதை நிரப்பத் தோன்றுவதும் மனித இயல்பே. ஆடித் தள்ளுபடியில் டவுன் ரதவீதிகளில் நடக்கிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

கடைசியாக, படுக்கை விரிப்புகள். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் ஆனி, ஆடியில் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள் என்பதற்காக இருபது தலையணையும் பத்துப் பாயும் வைத்திருக்கிற வீடுகள் இங்கே நிறைய. வருகிறவர்கள் இப்போது பெரும்பாலும் விடுதியில் அறை எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியே வந்தாலும் ஓர் இரவுதான். சென்ற சீசனில் ஒரே நேரத்தில் அதிகமாக எத்தனை பேர் படுத்தார்கள் என்பதை எண்ணி, அதற்கு மேல் இரண்டு மட்டும் வைத்துக்கொண்டால் போதுமானது. கல்யாணத்துக்குப் பெயர் நெய்து வாங்கிய பத்தமடைப் பாய் இருந்தால் அதை மடித்து அடியில் திணிக்க வேண்டாம், கோரை மடிப்பில் ஒடிந்துவிடும்; சுருட்டி வைத்து அவ்வப்போது நிழலில் உலர்த்தலாம். விரித்துப் படுத்தால் இன்னும் நல்லது, அது படுப்பதற்காக நெய்ததுதானே.