செயினுக்கு மெழுகா, எண்ணெயா? மணலும் உப்பும் உள்ள கரைக்கு ஒரு கணக்கு

பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை சைக்கிள் செயினுக்கு இரண்டு எதிரிகள்: மணலும் உப்பும். மெழுகு மணலை அண்டவிடாது, ஆனால் உப்பு கலந்த ஈரத்திடம் தோற்றுப்போகும். எண்ணெய் துருவைத் தடுக்கும், ஆனால் மணலை வாவென்று அழைத்து ஒட்டவைத்துக்கொள்ளும். அதனால் உங்கள் சைக்கிள் எதில் அதிகம் மாட்டுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

செயின் தேய்வது வெளியே தெரியும் தகட்டில் இல்லை. உள்ளே பின் உரசுகிற இடத்தில். கடல் மணல் செயின் இரும்பைவிடக் கெட்டி. அது எண்ணெயோடு குழைந்தால் மெக்கானிக் வால்வு தேய்க்கிற பேஸ்ட்டும் அதுவும் ஒன்றுதான். கச்சான் காற்றில் தார்ச்சாலை மேலேயே மணல் ஓடும் மாதங்களில் எண்ணெய் போட்ட திறந்த செயின் நறநறவென்று சொல்லிக் காட்டும்.

முழு செயின் கவர் உள்ள பழைய மாடல் சைக்கிளா? யோசிக்கவே வேண்டாம், எண்ணெய்தான். கேரியரில் மீன் பெட்டி கட்டுபவர்களுக்கும் அதேதான். ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் நேரே ஃப்ரீவீலில்தான் சொட்டும். கவர் இல்லாத கியர் சைக்கிளில் தினமும் மணல் ரோட்டில் போகிறவர்களுக்குத்தான் மெழுகு. அவர்களும் ஐப்பசி, கார்த்திகை மழையில் எண்ணெய்க்கு மாறிக்கொள்ளலாம்.

எண்ணெய் போடும் முறை சுருக்கமானது. செயினைத் துடைத்துவிட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றியபடி, கீழ்ப்பக்கச் செயினின் உள்முகத்தில் உருளைக்கு ஒரு சொட்டு விடுங்கள். மொத்தமே 5 மில்லி போதும். பத்து நிமிடம் கழித்துப் பழந்துணியால் அழுத்தித் துடையுங்கள். எண்ணெய் உள்ளேதான் வேண்டும், வெளியே தொட்டால் விரல் லேசாக மினுங்கினால் போதும். தையல் மெஷின் எண்ணெய் நன்றாக இறங்கும், ஆனால் சீக்கிரம் போய்விடும். கவர் போட்ட செயினுக்குப் புது என்ஜின் ஆயில் நல்லது. ஒர்க்‌ஷாப்பில் சும்மா கிடைக்கும் பழைய ஆயில் வேண்டாம். அதிலேயே இரும்புத் தூள் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகும்.

மெழுகில் பாதி வேலை சுத்தம் செய்வதுதான். புதுச் செயினிலும் கம்பெனி கிரீஸ் இருக்கும். அது இருக்கும்வரை மெழுகு பிடிக்காது. செயினைக் கழற்றி பாட்டிலில் போட்டு, பெயிண்ட் கடை டர்பென்டைன் 200 மில்லி ஊற்றிக் குலுக்குங்கள். டர்பென்டைன் தெளிவாக வரும்வரை, மூன்று நான்கு தடவை மாற்றுங்கள். கடைசியாக ஸ்பிரிட்டில் ஒரு அலசல். மண்ணெண்ணெயில் மட்டும் கழுவி நிறுத்தினால் எண்ணெய்ப் பசை தங்கிவிடும். அடுப்புப் பக்கம் போகுமுன் செயின் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஸ்பிரிட் வாடை இருந்தால் இன்னும் காயவில்லை.

சுத்தமான பாரஃபின் மெழுகு அரைக் கிலோ வாங்குங்கள். வாசனை, சாயம் போட்ட மெழுகுவத்தி ஆகாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகை உருக்குங்கள். நேரடித் தீயில் ஒருநாளும் வைக்காதீர்கள். சூடு கட்டுக்கு அடங்காமல் ஏறிப் பற்றிக்கொள்ளும். சமையலுக்குத் திரும்பாத பாத்திரமாக இருக்கட்டும்.

செயினைக் கம்பியில் கோத்து உள்ளே விட்டால் சரம் சரமாகக் குமிழி வரும். உருளைக்குள் இருந்த காற்று வெளியேறி, அந்த இடத்தில் மெழுகு இறங்குகிறது. செயினும் மெழுகின் சூட்டுக்கு வரவேண்டும். அவ்வப்போது ஆட்டிவிட்டு, குமிழி நிற்கும்வரை பத்து நிமிடம் வையுங்கள். பிறகு அடுப்பை அணைத்துக் காத்திருங்கள். மெழுகின் மேல் பால் ஆடை மாதிரி படியத் தொடங்கும்போது தூக்குங்கள். கொதிக்கக் கொதிக்க எடுத்தால் உள்ளே இறங்கியதும் வழிந்து போய்விடும். தொங்கவிட்டு ஆறியதும் செயின் குச்சி மாதிரி விறைத்திருக்கும். ஒரு குழாய் மேல் வளைத்து ஒவ்வொரு கண்ணியாக மெழுகின் விறைப்பை உடைத்துவிட்டு மாட்டுங்கள். பல்சக்கரங்களையும் எண்ணெய் போகத் துடைத்திருக்க வேண்டும். கியர் செயினின் இரு முனைகளையும் இணைக்கும் குயிக் லிங்க் சில ஒருமுறைக்கு மட்டுமே ஆனவை. அட்டையைப் படித்துப் பாருங்கள். கியர் இல்லாத சைக்கிளில் செயின் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

காய்ந்த ரோட்டில் சுமார் 300 கிலோமீட்டர் தாங்கும். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை போய்வர நாற்பதுக்கு மேல் ஆகும், ஆக ஆறேழு தடவை. கீச்சென்று சத்தம் வந்தால் கெடு தாண்டிவிட்டது. அவசரத்துக்கு அதன்மேல் எண்ணெய் விடாதீர்கள். மெழுகு இளகிச் சேறாகும், மறுபடி டர்பென்டைனிலிருந்து தொடங்க வேண்டும்.

நனைந்தால் அன்றைக்கே கவனியுங்கள். விட்டால் மறுநாள் காலையில் கண்ணிகளில் செம்பழுப்பு படிந்திருக்கும். குடிதண்ணீர் ஒரு சொம்பு ஊற்றி அலசுங்கள்; கரையோர போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு, அதில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. துடைத்து, காயவைத்து, மறுபடி மெழுகில் முக்குங்கள்.

எதைப் போட்டாலும் மாதம் ஒருமுறை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பின்னின் நடுவிலிருந்து இருபத்து நான்காவது கண்ணியின் பின் நடுவரை 12 அங்குலம் இருக்க வேண்டும். கியர் சைக்கிளில் அதற்குமேல் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டாலே செயினை மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் பல்சக்கரமும் கூடவே போகும். கியர் இல்லாததில் எட்டில் ஒரு பங்கு வரை ஓட்டலாம்.

மெழுகுச் சட்டியின் அடியில் மணல் தங்கும். அடுத்தமுறை செயின் அடியைத் தொடாமல் கம்பியைக் கட்டுங்கள். மெழுகு கறுத்துவிட்டால் புதுசு வாங்குங்கள்.