பழைய எம்டிபி சைக்கிள்: செலவு செய்யலாமா, மாற்றிவிடலாமா?

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் விலை பார்த்து வாங்கிய 26 இன்ச் எம்டிபி (மவுண்டன் பைக்). கியர் நினைத்த இடத்தில் விழுவதில்லை, பிரேக் பிடித்தால் கத்துகிறது, பின்சக்கரம் லேசாக ஆடுகிறது. கடையில் கேட்டால் "புதுசு எடுத்துடுங்க சார்" என்பார்கள். யூடியூபில் பார்த்தால் டிஸ்க் பிரேக் போடு, ஒன்பது கியர் போடு என்பார்கள். இரண்டு பேச்சையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இதே கேள்வியில் நானும் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் என் சைக்கிளை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அப்போது பார்த்த வரிசையில் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு தாளில் இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்று தேய்மானப் பட்டியல்: டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, ஒயர். இதெல்லாம் எந்த சைக்கிளுக்கும் வரும் செலவு, புதிதாக வாங்கினாலும் தப்பிக்க முடியாது. இன்னொன்று ஆசைப் பட்டியல்: டிஸ்க், நல்ல ஷாக், கூடுதல் கியர். இந்த இரண்டையும் ஒன்றாகக் கூட்டி "அடேயப்பா, இவ்வளவா" என்று மிரள்வதால்தான் பல நல்ல சைக்கிள்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

படி 1: சைக்கிள் உங்கள் உயரத்துக்கு இருக்கிறதா?

பள்ளியில் படிக்கும்போது வாங்கியது என்றால் இங்கேயே பதில் கிடைத்துவிடும். சீட் கம்பியை அதில் குறித்திருக்கும் கோடு வரை உயர்த்திய பிறகும், பெடல் அடியில் இருக்கும்போது முட்டி நன்றாக மடங்கியே இருந்தால் ஃபிரேம் சிறியது. எந்தப் பார்ட்ஸும் அதைச் சரிசெய்யாது. தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிட்டுப் புதியது பாருங்கள்.

படி 2: ஃபிரேம்

ஒரு வெள்ளைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, வெயிலில் நிறுத்திப் பாருங்கள். ஹேண்டில் பாருக்குக் கீழே இரண்டு பைப்புகள் சேரும் இடம், சீட் கம்பி நுழையும் வாய், பெடல் அச்சு இருக்கும் குழாய், பின்சக்கரம் மாட்டும் காது. விரிசல் வந்தால் பெரும்பாலும் இந்த நான்கு இடத்தில்தான். பெயின்டில் முடி போல ஒரு கோடு தெரிந்தால் நகத்தால் குறுக்கே கீறுங்கள். நகம் மாட்டினால் கவலைப்பட வேண்டிய கோடு. கீழ்ப்பைப்பின் அடிப்பக்கம் சுருக்கம் விழுந்து புடைத்திருந்தால், முன்பக்கம் எங்கோ பலமாக மோதியிருக்கிறது. விரிசலோ புடைப்போ எது இருந்தாலும் அந்த சைக்கிள் வேண்டாம். அலுமினிய ஃபிரேமில் வெல்டிங் வைத்து ஓட்டும் யோசனையும் வேண்டாம்.

பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த விலை குறைந்த சைக்கிளா? அதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள் என்பது என் கட்சி. எடைதான் மிச்சம், நீங்கள் மிதிக்கும் வலுவில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் தின்றுவிடும்.

படி 3: பின்சக்கரம் (பொறுமையாகப் படியுங்கள்)

முடிவின் முக்கால் பாகம் இங்கேதான் இருக்கிறது. கியர் பல்சக்கரங்கள் இரண்டு விதமாக மாட்டப்பட்டிருக்கும். பழைய வகை ஃப்ரீவீல்: "டிக் டிக்" என்று சத்தம் தரும் பொறி பல்சக்கரக் கொத்துக்கு உள்ளேயே இருக்கும், மொத்தமாக ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) மரை போட்டு ஏறியிருக்கும். இன்னொன்று கேசட்: பொறி ஹப்போடு இருக்கும், பல்சக்கரங்கள் அதன்மேல் செருகப்பட்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். நானும் முதலில் குழம்பினேன், கடையிலும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரப் பக்கம் உங்களைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அச்சைச் சுற்றி, கழற்றும் டூல் நுழைய உள்பக்கம் வரிவரியாக வெட்டிய ஒரு வளையம் தெரியும். இப்போது பல்சக்கரங்களைப் பின்பக்கமாக, டிக் டிக் சத்தம் வரும் திசையில் சுற்றுங்கள். வளையமும் சேர்ந்து சுற்றினால் கேசட். பல் மட்டும் சுற்றி வளையம் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க பேரிங் பல்சக்கரங்களுக்கு உள்ளே தள்ளி இருக்கும். அங்கிருந்து ஃபிரேம் வரை அச்சு தாங்கலில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். ஆள் எடையும் பள்ளமும் சேர்ந்தால் அச்சு வளையும், சில சமயம் ஒடியும். ஷிமானோ 1978ல் கொண்டுவந்த ஃப்ரீஹப், பேரிங்கை வெளி ஓரத்துக்குத் தள்ளி இந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஆனால் விலை குறைந்த சைக்கிள்களில் ஃப்ரீவீல் இன்னும் போகவில்லை. உங்களுடையது ஃப்ரீவீல் என்றால், அச்சை விரலால் சுற்றி அதன் நுனியைப் பாருங்கள். நுனி வட்டம் போட்டால் அச்சு வளைந்திருக்கிறது. "வீல் ஆடுகிறது" என்று பெண்டு எடுக்கக் கொடுத்துக் கொடுத்து வாங்கும் பலருக்கு உண்மையான கோளாறு இதுதான். அச்சு தனியாகவே கிடைக்கும், பெரிய செலவில்லை.

ஆசைப் பட்டியலில் ஒன்பது, பத்து கியர் எழுதியிருந்தால் ஃப்ரீவீல் அதைத் தடுத்துவிடும். சாதாரணமாகக் கடையில் கிடைப்பது ஏழு வரைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஹப் மாற்ற வேண்டும், ஹப் என்றால் பின்சக்கரமே. பிறகு ஷிஃப்டர் (ஹேண்டிலில் கியர் மாற்றும் விசை), டிரெய்லர் (செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளும் கருவி), செயின் என்று வரிசையாக வரும். அந்தத் தொகையைப் புது சைக்கிளுக்குப் போடுவது மேல். ஏழு கியரே போதும் என்றால் ஒரு ஏழு ஸ்பீடு ஃப்ரீவீலும் புதுச் செயினும் போட்டுச் சில வருடம் நிம்மதியாக ஓட்டலாம். 6, 7, 8 கியருக்கு ஒரே அகலச் செயின்தான், கடையில் "எட்டு ஸ்பீடு செயின்" கொடுத்தாலும் தயங்காதீர்கள்.

செயின் தேய்மானம் பார்க்க தனிக் கருவி வேண்டியதில்லை, ஸ்டீல் ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 பின் தள்ளி அளந்தால் புதுச் செயின் சரியாக 12 இன்ச் காட்டும். 1/16 இன்ச் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள். 1/8 இன்ச் ஆகிவிட்டால் பல்சக்கரமும் கூடவே போயிருக்கும்.

படி 4: முன்பக்கம்

ஹேண்டில் உச்சியில் ஒரு ஆலன் போல்ட் மூடியும், பக்கவாட்டில் இரண்டு போல்ட்டும் இருந்தால் மரையில்லா வகை, ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) மாற்ற வழி உண்டு, அளவு பார்த்து வாங்குங்கள். ஒற்றைக் கம்பி உள்ளே இறங்கி, அடியில் பெரிய நட் இருந்தால் பழைய மரை வகை. அதற்கு நல்ல ஷாக் தேடி அலைவது வீண். ஓட்டம் தளர்ந்த விலை குறைந்த ஸ்பிரிங் ஷாக்குக்குப் பதில் இன்னொரு விலை குறைந்த ஸ்பிரிங் ஷாக் போடுவதும் அப்படித்தான். தார் ரோட்டில் ஓட்டுகிறவருக்கு ஷாக்கே தேவையில்லை.

பெடல் மாட்டியிருக்கும் தண்டை அச்சோடு காட்டர் பின் (குறுக்கே அடித்த ஆப்பு) வைத்துப் பிடித்திருக்கிறதா? அப்படியானால் ஆசைப் பட்டியலை முழுதாக அடித்துவிடுங்கள். தேய்மானப் பட்டியல் மட்டும்.

படி 5: பிரேக்

ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து ரிம்மில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு ரிம். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்துவிட்டால், எந்தப் பிரேக் கட்டை போட்டாலும் பிடிமானம் மோசம்தான். ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவில் அந்த சைக்கிளை நான் எடுக்க மாட்டேன். ஒட்டவில்லை என்றால் அலுமினிய ரிம். புது ஒயர், உறை, நல்ல பிரேக் கட்டை போட்டாலே வி-பிரேக் (ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் வகை) அருமையாக நிற்கும்.

டிஸ்க் போட மூன்று இடம் வேண்டும்: ஃபோர்க்கில் காது, ஃபிரேமின் இடப்பக்கம் பின்னால் காது, இரண்டு ஹப்பிலும் ஆறு துளை. ஒன்று இல்லை என்றாலும் விட்டுவிடுங்கள். ஃபிரேமில் காது வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

படி 6: கணக்கு

தேய்மானப் பட்டியலுக்கு இரண்டு கடையில் விலை கேளுங்கள். அது புது சைக்கிள் விலையில் பாதியைத் தாண்டாத வரை பழையதே ஜெயிக்கிறது என்பது என் கணக்கு. ஒப்பிடும் புது சைக்கிளில் கேசட் ஹப், மரையில்லா ஃபோர்க், தனியாகக் கழற்றும் டிரெய்லர் காது மூன்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்களிடம் இருப்பதையே பளபளப்பாக மறுபடி வாங்குகிறீர்கள். ஆசைப் பட்டியலில் சீட், பெடல், கிரிப், லைட் மாதிரி அடுத்த சைக்கிளுக்கும் எடுத்துப் போகக்கூடியவற்றுக்குத் தாராளமாகச் செலவழியுங்கள்.

டூல்ஸ்: 4, 5, 6 எம்எம் ஆலன் கீ, 15 எம்எம் ஸ்பேனர், செயின் கட்டர், கிரீஸ். ஸ்க்ரூ ஸ்பேனர் வேண்டாம், நட்டின் மூலையைத் தின்றுவிடும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், ரோட்டுப் புழுதி முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு சேர்த்தது

இடது பெடல் கழலவே இல்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். கடிகார முள் போகும் திசையில் சுற்றினால்தான் கழலும். மற்ற திசையில் எட்டி உதைத்தால் இன்னும் இறுகும்.

கியரே இல்லாத எம்டிபி-யில் கியர் போடலாமா என்பது அடுத்த கேள்வி. கொக்கி வைத்த டிரெய்லர் கிடைக்கிறது, அச்சு நட்டிலேயே மாட்டிவிடலாம். சிக்கல் வேறு இடத்தில்: கியர் இல்லாத சைக்கிளின் பின்காதுகளுக்கு நடுவே இடைவெளி குறைவு, ஏழு கியர் சக்கரத்துக்கு 126 முதல் 135 எம்எம் வேண்டும். இரும்பு ஃபிரேமைத் தெரிந்த மெக்கானிக் ஓரளவு விரித்துத் தருவார். காந்தத்தை ஃபிரேமிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினியம், விரிக்க விடாதீர்கள்.