உயிர்மரத்தில் முகம் செதுக்க ஆகாத மாதங்களும் ஆகாத வெட்டுகளும்

திருகோணமலைக் கடற்கரைக்குப் பயணிகள் வரத்து சித்திரையில் தொடங்கிப் புரட்டாதியில் ஓயும். முற்றத்து வேம்பில் ஒரு முகம் செதுக்கி வைத்தால் வருகிறவர்கள் பார்ப்பார்களே என்ற ஆசையும் ஆனி, ஆடியில்தான் வரும். முதல் தவறு அதுதான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மரம் தண்ணீருக்கே திண்டாடுகிறது. காயத்தின் ஓரப் பட்டை காய்ந்து பின்வாங்கும். நீங்கள் வெட்டியதைவிடக் காயம் அகலும்.

மழை விழட்டும் என்று ஐப்பசிக்குத் தள்ளிப்போடுவது இன்னும் மோசம். மார்கழி முடியும்வரை பச்சைக் காயம் உலராது, பங்கசு வித்திகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. புயல் காலமும் அதுவே. 1964 மார்கழி 22இல் அடித்த புயலை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. புதிதாகக் குடைந்த அடிமரத்தோடு ஒரு மரத்தை அந்தக் காற்றுக்கு முன்னால் நிறுத்தக் கூடாது.

தோதான காலம் தை கடைசியிலிருந்து மாசி முடியும்வரை. மழை ஓய்ந்திருக்கும், மண்ணுக்குள் ஈரம் இருக்கும். அடுத்து வரும் கொழுந்தோடு காயத்தின் ஓரமும் சேர்ந்து வளரும். கொழுந்து தள்ளத் தொடங்கிவிட்டால் உளியைக் கீழே வைத்துவிடுங்கள். அப்போது பட்டை மரத்தோடு ஒட்டி நிற்காது. மூக்கோரம் வைத்த உளிக்குக் கன்னப் பட்டை முழுவதும் கழன்று வரும்.

மாதம் சரியாக இருந்தும் மரம் பட்டுப்போனால், பெரும்பாலும் அகலம்தான் காரணம். இலை செய்யும் உணவு பட்டையை ஒட்டிய உரியம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. நெஞ்சளவு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்து, அதில் கால்பங்குக்குள் நில்லுங்கள்: 120 சென்ரிமீற்றர் மரத்துக்கு முகம் 30. அதைவிட மெலிந்த மரத்தை விட்டுவிடுங்கள். முகம் அளவுக்குள் நின்றாலும் தலைமுடியும் தாடியும் மரத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும்; கைதேர்ந்தவர்களும் சறுக்குவது இங்கேதான். உயரம் கூடினால் பாதகமில்லை. மேலும் கீழும் வேப்பிலை போலக் கூராக முடியுங்கள், ஓரங்கள் சீக்கிரம் மூடும்.

பட்டையைத் தாண்டி 2, 3 சென்ரிமீற்றர் ஆழம் போதும். மூக்கு நுனி மரத்தின் மேல்மட்டத்திலேயே இருக்கட்டும். சுற்றிலும் இறக்கினால் அது தானாக எழும். ஆபத்து கண்குழியில். கீழிமை உள்நோக்கிச் சரிந்தால் அது ஒரு கிண்ணம். தண்ணீர் தேங்கி, உளுத்தல் அங்கிருந்துதான் உள்ளே இறங்கும். கீழிமை, உதடு, நாடி எல்லாமே வெளிப்பக்கம் வழிந்தோடும்படி சரிய வேண்டும். உளியைச் சவரக்கத்திபோலத் தீட்டி, ஒவ்வொரு மரத்துக்கும் முன் ஸ்பிரிட்டால் துடையுங்கள். மழுங்கிய உளி வெட்டாது, நசுக்கும்.

செதுக்கியபின் தார், பெயின்ற், மஞ்சள், சீமெந்து எதுவும் பூச வேண்டாம். மரத்தின் காயம் நம் தோல்போல ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளே மதில் கட்டி ஒதுக்கிவிடுகிறது. அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ 1970களில் இதை விளக்கினார். பூச்சு அந்த மதிலுக்கு உதவாது, ஈரத்தைத்தான் அடைத்து வைக்கும்.

திசையும் பார்க்க வேண்டும். வாடைமழை வடகிழக்கிலிருந்து சாய்கிறது, கச்சான் தென்மேற்கிலிருந்து, பின்னேர வெயில் மேற்கிலிருந்து. எங்கள் தேர்வு தென்கிழக்கு முகம்.

தென்னை, பனையைத் தொடவே வேண்டாம். பட்டைக்கு அடியில் புதுமரத்தை வளர்க்கும் மெல்லிய படையான மாறிழையம் அவற்றில் இல்லை. வெட்டிய இடம் வெட்டியபடியே இருக்கும். தென்னங்காயத்தின் வாடைக்குச் செவ்வண்டும் வந்து முட்டையிடும். களப்போரத் தில்லையின் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. எந்த மரமானாலும் கொட்டாப்புளியால் தட்டிப் பாருங்கள், பறைபோல ஒலித்தால் உள்ளே பொந்து.

மரம் வளர வளர முகம் மேலே ஏறிவிடும் என்பது பொய். 5 அடியில் செதுக்கியது 5 அடியிலேயே நிற்கும். ஆனால் ஓரங்களில் உதடுபோலத் திரளும் புதுமரம் வருடா வருடம் உள்ளே நகர்ந்து கன்னத்தை விழுங்கும். பழைய முகம் வேண்டும் என்று அந்தத் திரட்சியை வெட்டுவது மதிலை உடைப்பதற்குச் சமம். மாறும் முகம் பிடிக்காதவர்கள் பட்ட மரத்தின் அடிக்கட்டையைத் தேடிக்கொள்ளலாம். அதற்கு மாதமும் இல்லை, அளவும் இல்லை, கறையானை மட்டும் பார்த்துக்கொண்டால் சரி.