விமான ஜன்னலிலிருந்து முப்பரிமாணப் படம் எடுப்பது எப்படி? தில்லி–லே வழியை முன்வைத்து

நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளிதான் உண்டு என்பதால், பத்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும்போது இமயமலைகூடத் தட்டையாகத் தெரிகிறது. விமானம் நொடிக்கு 200 மீட்டருக்கு மேல் பறக்கிறது. ஆகவே ஒரே கேமராவில் அடுத்தடுத்து எடுத்த இரு படங்களை இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்குமாகக் கொடுத்தால், சிகரமும் பள்ளத்தாக்கும் தனித்தனியே எழுந்து நிற்கும்.

முதல் படி, இருக்கை. தில்லியிலிருந்து லடாக்கிலுள்ள லே நகருக்குப் போகும்போது இடப்பக்க ஜன்னல் மேற்கு நோக்கியிருக்கும். காலை விமானமென்றால் வெயில் அந்த ஜன்னலில் நேராக விழாது, நுன் (7,135 மீட்டர்), குன் என்னும் இரட்டைச் சிகரங்களும் அந்தப் பக்கமே வரும். இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசையைக் கேளுங்கள், ஏனெனில் பின்வரிசைகளில் எஞ்சினின் வெப்பக்காற்று படத்தைக் கலங்கடிக்கும். இறக்கையின் நுனிகூடப் படத்தில் விழக்கூடாது: அது விமானத்தோடு சேர்ந்தே நகர்வதால் இரு படங்களிலும் ஒரே இடத்தில் இருக்கும், மலையை மறைத்துக்கொண்டிருந்தும் மலைக்கு அப்பால் இருப்பதாகக் கண்ணுக்குப் படும், பார்ப்பவருக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

இரண்டாம் படி, கேமரா. எக்ஸ்போஷர், ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை மூன்றையும் மேனுவலில் பூட்டிவிட்டு, ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டர் இருந்தால் கழற்றிவிட வேண்டும். ஜன்னலின் அக்ரிலிக் தகடு அதன் வழியே வானவில் பட்டைகளாகத் தெரியும். லென்ஸைத் தகட்டுக்கு மிக அருகில் வைக்கலாம், ஆனால் முட்டவிட்டால் அதிர்வு ஏறிவிடும். ஜன்னலின் பிரதிபலிப்பைத் தடுக்க விலை உயர்ந்த லென்ஸ் மறைப்பெல்லாம் தேவையில்லை, லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்புத் துண்டைப் போர்த்தினால் போதும்.

மூன்றாம் படியில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள்: இரு படங்களுக்கும் இடையே எவ்வளவு நேரம் விடுவது? படத்தில் இருப்பவற்றில் மிக அருகிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு, இரு படங்களையும் எடுக்கும் இடங்களுக்கு நடுவே இடைவெளியாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அருகிலுள்ள மலைமுகடு 6 கிலோமீட்டரில் இருந்தால் 200 மீட்டர், அதாவது ஒரு நொடிக்கும் குறைவு. சட்டகத்தின் அடிப்பகுதியைத் தவிர்த்து, 60 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவற்றை மட்டும் எடுத்தால் 2 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒன்பது நொடி. ஜூம் செய்தால் இந்த இடைவெளியும் அதற்கேற்பக் குறைய வேண்டும். பறந்துகொண்டே இதையெல்லாம் கணக்கிடுவது வீண்வேலை என்பது என் கருத்து. ஒரே திசையை நோக்கி, சிகரத்தைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பாமல், பர்ஸ்டில் தொடர்ந்து எடுத்துத் தள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் இரண்டிரண்டாக ஒப்பிட்டு, தொலைவிலுள்ள பொருளைக் காட்டிலும் அருகிலுள்ளது எவ்வளவு அதிகம் நகர்ந்திருக்கிறது என்று அளந்து, அந்த வித்தியாசம் படத்தின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வரும் ஜோடியை வைத்துக்கொள்ளுங்கள்; 6000 பிக்சல் அகலமென்றால் 200 பிக்சல். இதற்கு வேகமும் தெரிய வேண்டாம், தூரமும் தெரிய வேண்டாம். விமானம் சாய்ந்து திரும்பியபோது எடுத்தவற்றை யோசிக்காமல் அழித்துவிடலாம்.

நான்காம் படி, வரிசை. இடப்பக்க ஜன்னலில் முதலில் எடுத்தது இடக்கண்ணுக்கு, அடுத்தது வலக்கண்ணுக்கு. வலப்பக்க ஜன்னலில் இது தலைகீழ். மாற்றி வைத்தால் பள்ளத்தாக்கு மேடாகிவிடும்.

ஐந்தாவதாக, ஸ்டீரியோ போட்டோ மேக்கர் என்ற இலவச விண்டோஸ் மென்பொருளில் இரண்டையும் திறந்து தானியங்கிச் சீரமைப்பைக் கொடுத்தால் மேல்கீழ் விலகலும் சாய்வும் சரியாகிவிடும். சிவப்பு–சயான் கண்ணாடிக்கான படம் லடாக்கின் பழுப்பு நிறத்தைக் கொன்றுவிடுகிறது என்பதால், இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேமித்து இரு லென்ஸ் பொருத்திய அட்டைக் கண்ணாடியில் பார்ப்பதையே நான் விரும்புகிறேன். மலைத்தொடர் கொலுவில் கட்டிய களிமண் மலைபோலச் சின்னதாகத் தெரிந்தால் பிழை ஏதுமில்லை. இடைவெளி பெரிதானால் அப்படித்தான் தோன்றும்.

பின்சேர்க்கை: மேகம் மலைக்குள் புதைந்ததுபோல் தெரிகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். பல நொடி இடைவெளியில் மேகமும் காற்றோடு நகர்ந்துவிடுகிறது. விமானம் போகும் திசையிலேயே நகர்ந்தால் உள்ளதைவிடத் தள்ளியும், எதிர்த்திசையில் நகர்ந்தால் உள்ளதைவிடக் கிட்டத்திலும் தோன்றும். மேகம் உள்ள காட்சிகளுக்கு ஓரிரு நொடிக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். லே விமான நிலையம் விமானப்படைத் தளமாதலால் அங்கே படமெடுக்கத் தடை உண்டு. இறங்கத் தொடங்கும்போதே கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.