சவர்க்காரத்தின் நடுவில் விழும் வட்டம்

வீட்டில் செய்த சவர்க்காரத்தை வெட்டினால் நடுவில் மட்டும் நிறம் கூடி, ஒரு வட்டம் விழுந்திருக்கிறதா? பயப்படாதீர்கள், கெட்டுப்போகவில்லை. பாதி ஜெல் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

சோடா அப்பியும் (காஸ்டிக் சோடா) எண்ணெயும் சேர்ந்தாலே சூடு கிளம்பும். அச்சில் ஊற்றிய பிறகும் அது ஏறிக்கொண்டே போய், தண்ணீரின் அளவைப் பொறுத்து ஏறக்குறைய 60 முதல் 80 டிகிரிக்குள் கலவை இளகி வாசலின் மாதிரி கண்ணாடியாகும், ஆறினால் திரும்பவும் வெளுத்து இறுகும். இதுதான் ஜெல். சூடு நடுவில் தேங்குகிறது, ஓரம் சீக்கிரம் ஆறிவிடுகிறது, அதனால்தான் வட்டம்.

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வெயிலுக்கு எதையும் போர்த்த வேண்டாம் என்று நினைத்து, செம்பனை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து ஊற்றிய அச்சைச் சமையலறை மேசையிலேயே விட்டேன். காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் வெட்டினால் காற்று பட்ட பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை, மறுபக்கம் மெல்லிய கோடு!

ஆக, ஒன்று முழுசாக ஜெல் ஆகவிடுங்கள், இல்லை அடியோடு தடுத்துவிடுங்கள்.

முழு ஜெல் வேண்டுமென்றால் சோடா அப்பி 1 பங்குக்குத் தண்ணீர் 2 பங்கு எடுங்கள், தண்ணீர் கூடுதலாக இருந்தால் குறைந்த சூட்டிலேயே ஜெல் ஆகிவிடும். எப்போதும் தண்ணீரில்தான் சோடா அப்பியைப் போட வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடவே வேண்டாம். ஊற்றியதும் அச்சை அட்டையால் மூடி, மீன்காரர்கள் வைத்திருக்கிற வெள்ளை நுரைப்பெட்டி மாதிரி ஒன்றில் வைத்து, பழைய துண்டு இரண்டைப் போர்த்தி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். அடிக்கடி திறந்து பார்க்கிற ஆசைதான் எதிரி. நிறம் பளிச்சென்று வரும், சீக்கிரம் வெட்டவும் முடியும்.

தடுப்பது என்றால் தண்ணீரை 1.5 பங்காகக் குறைத்து, கலவையை ஆறவிட்டு, சின்னச் சின்ன அச்சுகளில் ஊற்றி, ஒரு நாள் ஐஸ்பெட்டியில் வையுங்கள், சாப்பாட்டுப் பக்கம் வேண்டாம். அச்சிலிருந்து எடுக்க இரண்டு மூன்று நாள் கூடப் பிடிக்கும். எந்த வழியில் செய்தாலும் 4 முதல் 6 வாரம் காயப்போட்டுத்தான் ஆகவேண்டும்.

தேன், ஆட்டுப்பால், சந்தான் (தேங்காய்ப்பால்) சேர்த்தால் சூடு தறிகெட்டு ஏறும். என்னுடையது ஒருமுறை மேலே பிளந்து, அச்சை விட்டு வழிந்து, மேசை விரிப்பையும் அரித்துவிட்டது. இப்போதெல்லாம் அதற்கு மட்டும் துண்டே கிடையாது, ஊற்றிய கையோடு ஐஸ்பெட்டிக்குள் போய்விடும்.