ஏ/பி டெஸ்ட்டில் ஓபன் ரேட்டை நம்பாதீர்கள்

2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவின் பிரசாரக் குழு, நன்கொடை கேட்கும் மின்னஞ்சல்களைப் பல வடிவங்களில் எழுதி, முதலில் சிறு குழுக்களுக்கு அனுப்பிப் பார்த்தது. இப்படி ஏ, பி என இரண்டு வடிவங்களை வெவ்வேறு ஆட்களுக்கு அனுப்பி, எது நன்றாக வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் ஏ/பி டெஸ்ட். ஒபாமாவைவிட எதிரணி அதிகம் செலவழிக்கும் என்ற பொருளில் தலைப்பு வைத்த ஒரு மின்னஞ்சல் மட்டும் 20 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. எது ஜெயிக்கும் என்று குழுவினரே போட்ட கணக்குகள் பெரும்பாலும் பொய்த்துப்போயின. அவர்களுக்கு முக்கியம் எத்தனை பேர் திறந்தார்கள் என்பதல்ல, எவ்வளவு பணம் வந்தது என்பதுதான்.

இன்றும் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: எத்தனை சதவீதம் பேர் திறந்தார்கள் என்ற ஓபன் ரேட்டை நம்பிவிடுகிறார்கள். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 உடன் ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பு வசதி வந்தது. அதை ஆன் செய்தவர் மின்னஞ்சலைத் தொடாவிட்டாலும், உள்ளே இருக்கும் படங்கள் பின்னணியில் இறங்கிவிடும். படம் இறங்கியதை வைத்தே கணக்கிடும் உங்கள் டேஷ்போர்டு (புள்ளிவிவரப் பக்கம்), அதைத் ‘திறந்தார்’ என்று எண்ணிக்கொள்ளும். ஜிமெயிலில் வேறு சிக்கல். மின்னஞ்சல் சுமார் 102 கேபி (கிலோபைட்) அளவைத் தாண்டினால் மீதியை வெட்டிவிடும். திறந்ததை எண்ணுவதற்காக வைக்கும் கண்காணிப்புப் படம் அடியில் இருந்தால், திறந்தவர்கூடக் கணக்கில் வராமல் போகலாம். கிளிக், அதைவிட ஆர்டர், இவற்றைப் பாருங்கள்.

அடுத்தது, சின்ன லிஸ்ட்டை வைத்துப் பெரிய முடிவு எடுப்பது. தலா 1,000 பேருக்கு அனுப்பி, ஒன்றில் 200 பேரும் மற்றதில் 220 பேரும் கிளிக் செய்தால், அது வெறும் தற்செயலாகவே இருக்கலாம். 20க்கும் 22க்கும் உள்ள சதவீத வித்தியாசத்தை ஓரளவு நம்பிச் சொல்ல, ஒவ்வொரு பக்கமும் ஆறாயிரத்துக்கு மேல் ஆட்கள் தேவை. அவ்வளவு பேர் இல்லையா? சரி, பட்டன் நிறத்தையெல்லாம் விட்டுவிடுங்கள். இலவச டெலிவரியா, 10 சதவீதத் தள்ளுபடியா என்று பெரிய வித்தியாசத்தைச் சோதியுங்கள்.

ஏ முன்னால் போகிறது என்றதும் பாதியிலேயே நிறுத்துவதும் தவறு. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை அனுப்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். லிஸ்ட்டை அகரவரிசையிலோ சேர்ந்த தேதிப்படியோ பிரிக்காமல், குலுக்கிப் பிரியுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள்.

அப்புறம், ஒருமுறை ஜெயித்த தலைப்பு எப்போதும் ஜெயிக்காது. புதுமை தேய்ந்ததும் ஒபாமா குழுவே திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றுபோல வந்தால் அதையும் குறித்து வையுங்கள். அடுத்த முறை தலைப்பை விட்டுச் சலுகையை மாற்றிப் பார்க்கலாம்.