வயதான பிறகு கார் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுபதைத் தாண்டியவர்கள் கார் பார்க்கப் போனாலும் மைலேஜ், எஞ்சின், கம்பெனி பெயர் என்றே பேச்சு ஓடுகிறது. ஏறி உட்கார எப்படி இருக்கிறது, இறங்க எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முட்டி வலியோ இடுப்புப் பிடிப்போ இருப்பவருக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

“வயசாயிடுச்சு, உயரமான வண்டியா வாங்குங்க” என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. தாழ்வான செடானில் தொப்பென்று உட்கார வேண்டும். எழும்போது முழு பாரமும் முட்டியில் இறங்கும். மிக உயரமான எஸ்யூவியிலோ ஏறுவதற்கே காலை அதிகம் தூக்க வேண்டும், இறங்கும்போது பாதம் தரையைத் தேடும். வண்டிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். சீட் உங்கள் இடுப்புக்குச் சற்றுக் கீழே இருந்தால் சரியான உயரம். முதுகைக் காட்டி நின்று, அப்படியே சீட்டில் அமர்ந்து, அப்புறம் இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்ளலாம். அப்படித் திரும்பும்போது கவனியுங்கள்: சீட்டின் ஓரத்து மேடு தொடையில் அழுத்துகிறதா? வாசல் விளிம்பு அகலமாக இருந்து கால் தட்டுகிறதா? கூரையில் தலை இடிக்கிறதா? ஷோரூமில் கதவை முழுசாகத் திறந்து ஒருமுறை உட்கார்ந்துவிட்டு வருவது போதாது. பார்க்கிங்கில் கதவு பாதிதான் திறக்கும். பாதி திறந்த கதவு வழியாக நாலைந்து தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட வேண்டும். கூடவே வருகிற துணையும் அவர் பக்கத்தில் இதைச் செய்து பார்க்கட்டும்.

ஆட்டோமேட்டிக் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது அடுத்த தவறு. ஏஎம்டி என்ற வகை ஆட்டோமேட்டிக் வண்டியில் உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் நமக்குப் பதில் வண்டியே இயக்குகிறது. விலை குறைவு, ஆனால் நெரிசலில் கியர் மாறும்போது லேசான உதறல் தெரியும். கழுத்து வலி உள்ளவர்கள் சிவிடி (கியர் படிகள் இல்லாமல் சீராக மாறும் வகை) அல்லது டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் வகை) வண்டியையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. பல வருடம் கிளட்ச் மிதித்துப் பழகியவர்களின் இடது கால், அவசரத்தில் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை மிதித்துவிடும். முதலில் காலி மைதானத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

ஸ்டியரிங் தூரத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. உயரம் குறைந்தவர்கள் பெடல் எட்டுவதற்காக சீட்டை முன்னே இழுத்து, நெஞ்சு ஸ்டியரிங்கை ஒட்டும் அளவுக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏர்பேக் வேகமாக விரியும் என்பதால் நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும். சில வண்டிகளில் ஸ்டியரிங் மேலும் கீழும் மட்டும்தான் நகரும். முன்னும் பின்னும் நகருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பார்வையைப் பொறுத்தவரை, பகலில் மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்குவது பெரிய தவறு. வயதாக ஆகக் கண்மணி சுருங்கி, உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. எதிர்வண்டி விளக்கின் கூச்சம் அடங்கவும் நேரமாகிறது. இருட்டிய பிறகு, வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு ஓட்டுங்கள். ஸ்பீடாமீட்டரைக் குனியாமல் படிக்க முடிகிறதா? ஏசியைக் கூட்டத் திரையில் மூன்று இடம் தட்ட வேண்டியிருந்தால் அந்த வண்டி வேண்டாம் என்றே சொல்வேன். திருகும் குமிழ் என்றால் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கை தேடிப் பிடித்துவிடும். முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களும் தடிமனாக இருந்தால், திருப்பத்தில் சாலையைக் கடக்கும் ஆளையே மறைத்துவிடும்; கழுத்து எளிதில் திரும்பாதவருக்கு இது இன்னும் ஆபத்து.

அழகுக்காகப் பெரிய அலாய் வீல் கேட்காதீர்கள். அதில் டயரின் பக்கவாட்டு உயரம் குறைவு. ஒவ்வொரு பள்ளமும் முதுகுக்கு வந்து சேரும்.

டிக்கியைப் பார்க்கும்போது லிட்டர் கணக்கைவிட விளிம்பின் உயரம்தான் முக்கியம். வாக்கரோ மடக்கு சக்கர நாற்காலியோ வீட்டில் இருந்தால் ஷோரூமுக்கே எடுத்துப் போய், விற்பனையாளரைத் தூக்க விடாமல் நீங்களே அதை உள்ளே தூக்கி வைத்துப் பாருங்கள்.